பதினேழாம் கதிரையில் ஒரு கல்

முப்பத்தாறு புதுக் கதிரைகள் வந்து இறங்கிய நாளோடு, குறிஞ்சாக்கேணியில் களப்போரமாக இருந்த அந்தச் சின்னப் பாடசாலையின் நிம்மதி போய்விட்டது.

அதுவரைக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நீளப் பலகை வாங்குகளில்தான் இருந்தார்கள். வாங்கு நல்ல மனம் படைத்த சாமான். ஒருத்தி எழும்பிப் போனால் பக்கத்தில் இருப்பவள் கொப்பியைப் பரப்பி, கொஞ்சம் நகர்ந்து, அந்த இடத்தை மூடிவிடுவாள். ஆள் குறைந்தது வாத்தியாருக்குத் தெரியவராது. கதிரை அப்படியல்ல. ஆள் எழும்பிய உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதிபர் அபூதாஹிர் மாஸ்டர் பதினொரு வருடம் மனு எழுதிப் பெற்ற கதிரைகள் அவை. அது எழுபத்துநாலாம் ஆண்டு. ஒரு றாத்தல் பாணுக்கே வழியில்லாத காலத்தில் அரசாங்கம் கதிரை கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் கதிரைகளோடு ஒரு சுற்றுநிருபமும் வந்தது. பாவிக்கப்படாமல் காலியாக இருக்கும் தளபாடங்கள் வேறு பாடசாலைக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது. அதை வாசித்த நாளிலிருந்து மாஸ்டருக்குக் கதிரையைத் தவிர வேறு நினைப்பில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ற்றால் இலக்கம் எழுதினார். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. ஒவ்வொரு பாடவேளையும் ஒரு தடவை வாசலில் நின்று கதிரைகளை எண்ணினார். எண்ணும்போது எந்தக் கதிரை காலியோ, அந்தப் பிள்ளை அந்த வேளைக்கு வரவில்லை என்று வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போட்டார்.

பதினேழாம் கதிரை அசனாவுடையது.

அசனாவுக்கு ஒன்பது வயது. மூன்று கணக்குச் செய்வாள், நாலாவது கணக்குக்கு எழும்பிவிடுவாள். கிணற்றடிக்குப் போவாள், வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவாள், திரும்பி வருவாள். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் ஒரு வரியிலிருந்து மற்ற வரிக்குத் தாவுகின்றன என்பாள். லெப்பையிடம் கொண்டுபோய் ஓதி நூல் கட்டியாயிற்று. ஒரு கிழமையில் நூல்தான் அறுந்தது. நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த மூன்று கிழமையில் ஒரு நாள்கூட வீட்டில் நிற்காத அந்தப் பிள்ளைக்கு, வரவு நாற்பத்தொரு வீதம் என்று மாஸ்டர் கடிதம் அனுப்பினார். வருட முடிவில் எண்பது வீதம் இல்லாவிட்டால் பெயர் வெட்டப்படும்.

கடிதத்தை வாசித்தவன் அசனாவின் வாப்பா லாபிர். அவனுக்குக் கிண்ணியாத் துறையில் பாதையில் வேலை. பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற அந்தத் தட்டை மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். அவன் வாசித்ததைக் கேட்டுக்கொண்டு அவனுடைய ராத்தா ஸுல்பிகாவும் அன்றைக்கு அங்கே இருந்தாள். மூதூரிலிருந்து வந்திருந்தாள்.

"பேர வெட்டுறாங்கெண்டா வெட்டட்டும்," என்றாள் ஸுல்பிகா. "ஒரு இடத்தில இரிக்க ஏலாத புள்ளைக்கு என்ன படிப்பு. என்னோட மூதூருக்கு அனுப்புங்க. என்ட மகள்ர குழந்தைக்குத் தொட்டில் ஆட்ட ஒரு ஆள் வேணும்."

லாபிர் கடிதத்தை மடித்தான். தாயில்லாத தம்பி என்று அவனைத் தூக்கி வளர்த்தவள் ராத்தா. அவளுக்கு எதிராக அவன் வாய் திறந்த நாள் கிடையாது. "பேர் வெட்டினாப் பாப்பம்," என்றான்.

பேர் வெட்டினால் என்ன பார்ப்பார்கள் என்று குசினி வாசலில் நின்ற அசனாவின் உம்மா நஜ்முன் நிஸாவுக்கு நன்றாகத் தெரியும். பேர் வெட்டினால் அவளுடைய மகள் மூதூரில் தொட்டில் ஆட்டுவாள். அது ஒரு வருடத்தோடு முடிகிற வேலையா என்ன? தொட்டிலுக்குப் பிறகு துணி, துணிக்குப் பிறகு அடுப்பு.

நஜ்முன் நிஸாவும் ஒரு காலத்தில் இதே பாடசாலையில் மூன்றாம் வகுப்புப் படித்தவள்தான். தம்பி பிறந்தபோது, உம்மாவுக்கு உதவியாக நாற்பது நாள் வீட்டில் நில் என்றார்கள். நின்றாள். நாற்பத்தோராம் நாள் முகம் கழுவி, சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் வகுப்பு வாசலில் நின்றாள். வாங்கில் அவள் இருந்த இடம் மூடிப்போயிருந்தது. ஒருத்தரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய படிப்பு அவ்வளவுதான். அது நடந்து இருபது வருடம்.

மறுநாள் விடிய அவள் கூட்டுறவுச் சங்கக்கடைப் பாண் வரிசைக்குப் போனாள். அந்த வருடத்து வரிசையின் ஒழுங்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரும் கால் கடுக்க அங்கே நிற்பதில்லை. முந்தின நாள் பின்னேரமே அவரவர் தன் கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கல் இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் கணக்கு. மனேச்சர் கனகரத்தினம் கதவைத் திறக்கும்போது ஆள் வந்து தன் கல்லைத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகு கல் செல்லாது. கதவு திறந்த பிறகு நடுவில் ஒருத்தி அவசரமாக விலகிப் போனால், பின்னால் நிற்பவர் "இது அவட இடம், இப்ப வருவா" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த இடத்துக்கு யாரும் கை வைக்கமாட்டார்கள். கடை திறப்பதில் பிந்தலாம், மா முடிந்துபோகலாம், ஆனால் இந்த ஒழுங்கு பிசகாது.

நஜ்முன் நிஸாவின் கல் ஒரு அரைச் செங்கல். பாதைக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ற் அதன் ஒரு பக்கத்தில் இருந்தது. அவளுக்கு முன்னால் உருண்டையாக ஒரு வெள்ளைக் கல் நின்றது. கதவு திறக்கிற நேரத்துக்கு அபூதாஹிர் மாஸ்டர் வந்து அந்த வெள்ளைக் கல்லைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாணை வாங்கிக்கொண்டு போனார். நஜ்முன் நிஸா அவர் முகத்தையும் கக்கத்தில் இருந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பாணை வாங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நேரே பாடசாலைக்குப் போனாள்.

"இது என்ன?" என்று கேட்டார் மாஸ்டர்.

"கல்லு மாஸ்டர்."

"கல்லெண்டு தெரியிது. இஞ்ச இதுக்கு என்ன வேலை?"

"அசனாட இடத்துக்கு. அவ எழும்பிப் போற நேரம் கதிரையில இது இரிக்கும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ள நஜ்முன் நிஸா, கல்லு எப்பிடிப் பிள்ளையாகும்?"

"விடிய ஒங்கட கல்லுக்குப் பின்னாலதான் நான் நிண்டனான் மாஸ்டர். நீங்க ஊட்டில கிடந்து நித்திரை. கல்லக் கண்டுதான் எல்லாரும் ஒங்களுக்கு இடம் விட்டவங்க. கல்லு எப்பிடி மாஸ்டராகும் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டார், திரும்பக் கழற்றினார். கல்லுக்கு இடமில்லை என்று இங்கே சொன்னால், அந்தச் சொல் பின்னேரத்துக்குள் சங்கக்கடைக்குப் போய்விடும். பிறகு அவருடைய வெள்ளைக் கல்லை ஆர் மதிப்பார்கள்? அவருக்கோ இடுப்பில் வாதம். விடிய நாலு மணிக்கு வரிசையில் நிற்கிற உடம்பா அது? இன்னொரு பக்கம் பார்த்தால், கல் இருக்கும் கதிரையைக் காலிக் கதிரை என்று எந்தச் சுற்றுநிருபமும் சொல்லவில்லை. தளபாடம் பாவிக்கப்பட வேண்டும் என்பதுதான் விதி, எதனால் என்று அதில் இல்லை.

"கீழ ஒரு பேப்பர் போட்டு வெக்கணும்," என்றார் கடைசியில். "புதுக் கதிரை, கீறல் விழப்படாது."

இப்படித்தான் பச்சைப் பெயின்ற் பூசிய அரைச் செங்கல் நாலாம் வகுப்பில் சேர்ந்தது.

அசனா கதிரையில் இருக்கும்போது கல் மேசைக்குக் கீழே இருக்கும். அவள் எழும்பினால் கல்லைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் மாஸ்டர் இரண்டையும் சேர்த்து எண்ணி, முப்பத்தேழு வருகிறதென்று கலங்கிப்போனார். பிறகு பழகிவிட்டது. பின்னேரம் பாடசாலை விட்டதும் நஜ்முன் நிஸா வந்து கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ச் சங்கக்கடை வரிசையில் வைப்பாள், விடியப் பாணோடு அதையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வருவாள். அந்தக் கல்லைப்போல் உழைத்த சீவன் அந்த வருடம் குறிஞ்சாக்கேணியில் வேறு இல்லை.

இதில் உண்மையான லாபம் கண்டவர் வகுப்பு ரீச்சர் இராசமலர். லிங்கநகரிலிருந்து பஸ் பிடித்து, பாதை ஏறி, தினமும் வருகிறவர். இனிமேல் அசனாவை இழுத்து இருத்துகிற வேலை இல்லை என்றதும், ரீச்சருக்குப் படிப்பிக்க நேரம் கிடைத்தது. இருபது கணக்கை ஒரேயடியாகக் கொடுப்பதை விட்டுவிட்டு, மூன்று மூன்றாகத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். "மூண்டையும் செய். செய்துபோட்டுக் கிணத்தடிக்குப் போய் வா. வந்து அடுத்த துண்டை எடு." வாய்பாட்டை வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு சொல்ல விட்டார். சவர்க்காரப் பெட்டி அட்டை ஒன்றில் நீளமாக ஒரு வெட்டு வெட்டி, ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரிப் புத்தகத்தின் மேல் வைத்து வாசிக்கப் பழக்கினார். மற்ற வரிகள் மறைந்துபோனதும் எழுத்துகளுக்குத் தாவ இடமில்லாமல் போய்விட்டது.

"தங்கச்சி, அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை," என்று ஒரு நாள் கல்லைத் தூக்க வந்த நஜ்முன் நிஸாவிடம் சொன்னார். "இருக்கத்தான் வருகுதில்லை. நாங்கள் இவ்வளவு நாளும் ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டம்."

நஜ்முன் நிஸாவுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைத் தூக்கினாள்.

நல்ல காரியம் என்றால் ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? இரண்டு கிழமையில் ஸெய்னுதீனின் உம்மா ஒரு கருங்கல்லோடு வந்தாள். மகனுக்குத் தடிமன் காய்ச்சலாம், மூன்று நாளைக்குக் கல் இருக்கட்டுமாம். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். மாரி மழையோடு களப்பில் இறால் பட்டபோது, வலை இழுக்கக் கை வேண்டுமென்று வாப்பாமார் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல். ஒருத்தர் அம்மிக்குழவியையே கொண்டுவந்தார். வீட்டுக்காரி அரைக்க வழியில்லாமல் பின்னாலேயே ஓடி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாஸ்டர் மறுக்கவில்லை. ஏன் மறுக்கப் போகிறார்? இடாப்பில் வரவு நூறு வீதம். அவருடைய இருபத்தாறு வருட சேவையில் நாலாம் வகுப்பு இப்படி அமைதியாக இருந்ததே கிடையாது. வாசலில் நின்று எண்ணும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தி தெரிந்தது. கதைத்த பிள்ளைகளைப் பார்த்து, "பக்கத்தில இரிக்கிறதப் பாருங்க, வாய் திறக்குதா?" என்று கேட்டார். மாத முடிவில் நன்னடத்தைக்குப் புள்ளி போடும்போது பதினேழுக்குப் பத்துக்குப் பத்துப் போட்டார். அது அசனாவுக்கா கல்லுக்கா என்று ரீச்சர் கேட்டதற்கு, "கதிரைக்கு," என்றார்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை வகுப்பில் இருபத்தெட்டுக் கல்லும் எட்டுப் பிள்ளைகளும் இருந்தன.

"சேர், நான் ஆருக்குப் படிப்பிக்கிறது?" என்று இராசமலர் ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்தார்.

"இரிக்கிறவங்களுக்குப் படிப்பியுங்க ரீச்சர்."

அன்றைக்குப் பின்னேரம் ரீச்சர் இதை நஜ்முன் நிஸாவிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். நஜ்முன் நிஸாவுக்கு வெட்கமாகப் போயிற்று. தன் ஒரு பிள்ளைக்காக வைத்த கல், மற்றவர்களின் பிள்ளைகளை வெளியே துரத்திவிட்டதே. எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். அசனாவின் வரவு அப்போது எழுபத்தெட்டு வீதத்தில் நின்றது. ஸுல்பிகா மதினி அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று ஆள் விட்டிருந்தாள். கல்லை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

அடுத்த புதன்கிழமை காலையில் பஸ் கொண்டக்டர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டான். லாபிர் சொல்லி அனுப்பினானாம், வட்டாரக் கல்வி அதிகாரி கையில் ஒரு கட்டுக் கடதாசியோடு பாதையில் ஏறியிருக்கிறாராம். நஜ்முன் நிஸா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். வகுப்பு யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மரக் கம்பிகள்தான். தூறலில் நனைந்துகொண்டு கம்பியைப் பிடித்தபடி அவள் எட்டிப் பார்த்தபோது, அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

அதிகாரியின் பெயர் சோமசேகரம். திருகோணமலை டவுனில் வீடு. ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை. வாசலில் நின்று வகுப்பைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கதிரைகள், கதிரைகளில் பேப்பர், பேப்பர்களில் கல். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிள்ளைகள். அபூதாஹிர் மாஸ்டர் வரவு இடாப்பை மேசையில் எடுத்து வைத்தார். மேசையடியில் நின்ற ரீச்சர் நிலத்தைப் பார்த்தார்.

அதிகாரி ஆச்சரியப்படவில்லை. வரிசை வழியே நடந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"இடம் பிடிச்சு வைச்சிருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர்," என்றார் மாஸ்டர்.

"எங்கட டவுன் பாண் வரிசையிலயும் இப்பிடித்தான். என்ர கல்லும் இப்ப அங்க நிக்குது." அதிகாரி கடதாசிக் கட்டை மேசையில் வைத்தார். "கல்லை நான் மதிக்கிறன். ஆனா கடை திறந்தா ஆள் வரவேணும் அல்லோ? இப்ப நான் கடை திறந்திட்டன். இது வருடச் சோதினை. பத்து நிமிசம் தாறன். தன்ர கல்லைத் தூக்க வராத பிள்ளையின்ர பேர் இண்டைக்கே வெட்டுப்படும்."

மாஸ்டர் வாசலில் தொங்கிய இரும்புத் துண்டை அடிஅடியென்று அடித்தார். களப்பிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முழங்கால்வரை சேறு, சாரனில் இறால். ஸெய்னுதீன் ஒரு கையில் உயிர் நண்டோடு வந்து, அதை வைக்க இடமில்லாமல் கல்லுக்குக் கீழே அமுக்கி வைத்தான். அசனா கிணற்றடியிலிருந்துதான் வந்தாள், ஏழாம் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்து கல்லைத் தூக்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு இருந்தாள்.

பத்து நிமிடத்தில் மற்றக் கல்லெல்லாம் தூக்கப்பட்டது. இருபத்தொன்பதாம் கதிரையில் மட்டும் கல் அப்படியே இருந்தது. உருண்டையான வெள்ளைக் கல். அதை எங்கே கண்டாலும் நஜ்முன் நிஸாவுக்கு அடையாளம் தெரியும்.

"இந்தப் பிள்ளை எங்க?" என்றார் அதிகாரி.

அந்தப் பிள்ளை கார்த்திகைக் கடைசியிலேயே குடும்பத்தோடு வெருகல் பக்கம் குடிபோய்விட்டான். அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"அது... என்ட கல்லு சேர். கதிரை போயிருமெண்டு வெச்சனான்."

"அப்ப வந்து தூக்குங்கோ."

அபூதாஹிர் மாஸ்டர் போய்த் தன் கல்லைத் தூக்கினார். தூக்கியவருக்கு என்ன ஒழுங்கோ அதுதான் அவருக்கும். அதிகாரி அவருக்கும் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார். மாஸ்டர் அந்தச் சின்னக் கதிரையில் முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே தெரிய இருந்துகொண்டு, பக்கத்துப் பிள்ளையிடம் பென்சில் கேட்டார்.

இருபது கணக்கு. ஒரு மணித்தியாலம். "ஒரு விசயம்," என்றார் அதிகாரி. "கடை திறந்த பிறகு வரிசையை விட்டுப் போறவைக்கு இடமில்லை. எழும்பிப் போறவையின்ர பேர் வெட்டுப்படும்." சிவப்புப் பேனையைத் திறந்து, இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார்.

யன்னலில் நின்ற நஜ்முன் நிஸா பதினேழாம் கதிரையையே பார்த்தாள். அசனா முதலாம் கணக்கைச் செய்தாள். இரண்டாம் கணக்கைச் செய்தாள். மூன்றாம் கணக்கைச் செய்தாள். இருந்துகொள் மகளே, இன்றைக்கு மட்டும் இருந்துகொள் என்று நஜ்முன் நிஸா மனதுக்குள் கெஞ்சினாள். அசனா பென்சிலை வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். ரீச்சர் சொல்லிக் கொடுத்தது அதுதானே.

அதிகாரியின் பேனை இடாப்பில் பதினேழாம் வரிக்குப் போனது.

"அது அசனாட இடம் சேர்," என்றது ஒரு குரல். பதினெட்டாம் கதிரை றஹ்மா. சேறு காய்ந்த கையால் கணக்குச் செய்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "இப்ப வருவா."

தினமும் விடிய உம்மாவோடு பாண் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளை அவள். அவளுக்கு இது புதுக் கதையா? அதிகாரி அவளைப் பார்த்தார். பின்னால் இருப்பவள் சொல்லிவிட்டாள், அதற்கு மேல் சட்டம் இல்லை. பேனையை எடுத்துக்கொண்டார். அசனா வந்தாள், இருந்தாள், அடுத்த மூன்றைச் செய்தாள், போனாள்.

"அசனாட இடம். இப்ப வருவா," என்றாள் றஹ்மா. மூன்றாம் தடவை ஸெய்னுதீனும் சேர்ந்து சொன்னான்.

நாலாம் தடவை ஒருத்தரும் சொல்லவில்லை. பதினோராம் கணக்குப் பொல்லாத கணக்கு. பாதை ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேரை ஏற்றினால் முந்நூற்றெழுபது பேருக்கு எத்தனை தடவை என்று கேட்டிருந்தது. முழு வகுப்பும் அதில் அமிழ்ந்துபோய்க் கிடந்தது. றஹ்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அபூதாஹிர் மாஸ்டர் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். ரீச்சர் வாய் திறக்கப் போனார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். ரீச்சர் வரிசையில் நிற்கிற ஆள் இல்லையே. பேனை இடாப்பில் இறங்கியது. சிவப்பு மை ஒரு புள்ளி பட்டுவிட்டது.

"அது அசனாட இடம்."

எல்லோரும் யன்னலைப் பார்த்தார்கள். அப்படி உரத்த குரல் தனக்குள் இருப்பது நஜ்முன் நிஸாவுக்கே தெரியாது. முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"நீங்கள் ஆர்?" என்றார் அதிகாரி. "உங்களுக்கு இஞ்ச இடம் இருக்கோ?"

"எனக்கு இடமில்ல சேர்," என்றாள் நஜ்முன் நிஸா. "நான் அவக்குப் பின்னால நிக்கிறவ."

அதிகாரி வகுப்பைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். பதினேழாம் கதிரைக்கும் யன்னலுக்கும் இடையில் எத்தனை கதிரை என்று அவர் எண்ணியிருக்கலாம். பிறகு பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். அசனா ஈரக் காலோடு வந்து கதிரையில் இருந்து பதின்மூன்றாம் கணக்கைத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் எழும்பிய இரண்டு தடவையும் அதிகாரி பேனையை எடுக்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அன்றைக்கே திருத்தி அன்றைக்கே சொன்னார்கள். இருபதில் அசனாவுக்குப் பதினேழு சரி. அபூதாஹிர் மாஸ்டருக்குப் பதினைந்து. அவர் ஒரு தடவைகூட எழும்பவில்லை.

பெயர் வெட்டுப்படவில்லை, அசனா ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள் என்று எழுதி அதிகாரி ஒப்பம் வைத்தார். கல்லெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும், இனிப் பிள்ளைகள் வர வேண்டும் என்றும் எழுதினார். எழும்பிப் போகிற பிள்ளைக்குப் பின்னால் இருக்கிறவர் சாட்சி சொன்னால் வரவாகக் கொள்ளலாமா என்று மாஸ்டர் கேட்டார். அதற்குச் சுற்றுநிருபம் இல்லை, ஆனால் எதிராகவும் இல்லை என்றார் அதிகாரி. ஸெய்னுதீன் நண்டைத் தேடினான், அது எப்போதோ போய்விட்டிருந்தது.

நஜ்முன் நிஸா செங்கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளோடு வீட்டுக்கு நடந்தாள். மழை விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதினி வருவாள். மூதூருக்கு ஆள் வராது என்று லாபிர் சொல்லமாட்டான், தான்தான் சொல்ல வேண்டும். சொல்லலாம் என்று அவளுக்கு இப்போது தோன்றியது. ஒரு தடவை உரத்துச் சொல்லிப் பார்த்தாயிற்றே.

அசனா முன்னால் ஓடினாள், வேலியைத் தொட்டாள், திரும்பி வந்தாள்.

"உம்மா, நீங்க படிக்கேக்குள்ள ஒங்கட இடத்த ஆரு பாத்துக்கொண்ட?"

"ஒருத்தருமில்ல மகள்."

அசனா நின்றாள். அவள் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் நின்று நஜ்முன் நிஸா கண்டதில்லை.

"அப்ப நான் பிறக்கல்லத்தானே," என்றாள் அசனா, அது தன்னுடைய பிழை என்பதுபோல. பிறகு உம்மாவின் இடுப்பிலிருந்த கல்லை இரண்டு கையாலும் வாங்கி, தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.